திருப்பி வாங்கிய தாம்பூலம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களுக்குக் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை ஒன்றும், ஸ்டீல் தண்ணீர் பாட்டில் ஒன்றும், மக்கள் பங்கேற்பு என்று தலைப்பிட்ட தடித்த கையேடு ஒன்றும் கொடுத்திருப்பார்கள். பாட்டில் நல்ல பாட்டில். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால் அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுகிறேன்.

நம் தொழிலை வெளியாட்களுக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம். நான் காட்டில் யானை விரட்டுவதாகத்தான் என் மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்லிவந்தார். நான் யானையைப் பார்த்ததெல்லாம் கோயில் வாசலில்தான். தில்லியில் உட்கார்ந்து தேசிய வனக் கொள்கைக்கு ஒரு வரைவு எழுதுகிறார்கள். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய், காட்டையும் மரத்தையும் நிலத்தையும் நம்பிப் பிழைப்பவர்களைக் கூட்டி உட்காரவைத்து, இது உங்களுக்குச் சரிப்படுமா என்று கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். இந்தக் கூட்டத்துக்குக் கருத்துக்கேட்பு என்று பெயர். அதை நடத்தித் தருவது நம் வேலை. மைக் பிடிப்பது, மொழிபெயர்ப்பது, சண்டை விலக்குவது, சாப்பாடு போடுவது எல்லாம் இதில் சேர்த்தி. சாப்பாடு சரியில்லை என்றால் மற்றது எதுவும் நடக்காது என்பதைக் கையேட்டில் போட வேண்டும் என்று நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

இந்தத் தொழிலில் தப்பு செய்ய ஆயிரம் வழிகள் உண்டு, அதில் பாதியை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு கூட்டத்தைப் பற்றி. அதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். அந்த மரியாதையில்தான் கடற்கரையே கைநழுவிப் போக இருந்தது.

முதலில் எங்கள் நிறுவனத்தின் தலைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவரை நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம், இங்கும் அப்படியே இருக்கட்டும். மயிலாப்பூர்க்காரர். வனத்துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்று, அடையாறில் இந்த அலுவலகத்தைத் தொடங்கியவர். மரக் கடத்தல்காரன் ஒருவனை லாரியிலிருந்து காதைப் பிடித்து இறக்கினார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அதைப் பரப்பியவரும் அவரேதான். ஆனால் கூட்டம் நடத்துவது எப்படி என்று நான் கற்றது அவரிடம். "சேகர், மைக்கை முதல்ல யார் கையில குடுக்கறோமோ அவா கூட்டம்தான் அது. பெரிய மனுஷா கையில குடுத்தா மத்தவா எல்லாம் கை தட்டிட்டு ஆத்துக்குப் போயிடுவா" என்பார். கூட்டத்தில் யாராவது கத்தினால் அவருக்கு ஏக சந்தோஷம். கத்துகிறவன் நம்மை மதித்துக் கத்துகிறான் என்பது அவர் கட்சி.

அவருக்கு இருந்த ஒரே பலவீனம் உபசாரம். யாரைக் கூப்பிட்டாலும் சொந்த வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டதுபோல நடத்துவார். மதியம் பாயசம் இல்லாத கருத்துக்கேட்பு ஒன்றைக்கூட அவர் நடத்தியதில்லை. சுற்றுச்சூழல் ஆர்வலர் ஒருவர் இது மக்கள் பணத்தில் பாயசம் என்று எதிர்ப்புத் தெரிவித்தார், இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்ட பிறகு.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆடி மாதம். நாங்கள் பேசி வைத்திருந்த அரங்கம் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் தியாகராய நகரில் மண்டபங்கள் எல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. மேடம் ஒரு போன் போட்டார், மண்டபம் கிடைத்துவிட்டது. அதே ஆடியில்தான் ஜவுளிக்கடைகளில் தள்ளுபடி என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. மலைகளிலிருந்து வந்த பிரதிநிதிகள் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, ரங்கநாதன் தெருவில் நீந்தி, மண்டபத்துக்கு வந்துசேர்வதற்குள் பாதிப் பேர் கையில் துணிக்கடைப் பை. ஜவ்வாது மலையிலிருந்து வந்த ஒருவர் நைட்டியும் பிளாஸ்க்கும் வாங்கிவிட்டிருந்தார். நைட்டி யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மண்டபத்தின் மேனேஜர் திருநெல்வேலிக்காரர். எங்களைக் கல்யாணத்துக்கு வந்தவர்களாகவே நடத்துவது என்று முடிவு செய்திருந்தார். வாசலில் கைகூப்பி வணக்கம் சொல்லும் பொம்மை. மேடையில் வரவேற்புக்குப் போடும் சிவப்பு வெல்வெட் சோபா, அதை நகர்த்த முடியாது என்று சொல்லிவிட்டார். தில்லியிலிருந்து வந்திருந்த அதிகாரியும் மேடமும் நாள் முழுக்க அதில்தான் ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர், நம் பக்கம் வருவது அவருக்கு அதுதான் முதல் தடவை. தன்னை ஏன் இத்தனை பேர் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். சென்னை மக்கள் இன்முகம் உள்ளவர்கள் என்று சொல்லிவைத்தேன்.

காலையில் மலைக்காரர்கள் பேசினார்கள். கடுமையாகவும் நன்றாகவும் பேசினார்கள். அது வேறு கதை. பேசி முடித்துச் சாப்பிடப் போகும்போது மேடம் ஏற்பாட்டின்படி ஆளுக்கொரு மஞ்சள் தாம்பூலப் பை கொடுத்தோம். உள்ளே தேங்காய், வெற்றிலை, பாக்கு. பை ஏதோ பழைய கல்யாணத்தில் மிஞ்சியது. மணமக்களை வாழ்த்த வந்த அனைவருக்கும் நன்றி என்று அதில் அச்சடித்திருந்தது. எல்லோரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

மதியம் கடலோரக் கூட்டம். வரைவில் கடற்கரைக்கு என்று ஒரு பத்தி இருந்தது. கடலோரத்தில் காலியாகக் கிடக்கும் மணல்நிலம் முழுவதிலும் தொடர்ச்சியாக மரம் வைத்து, வேலி போட்டு, அதற்குள் ஆள் புழக்கமே இல்லாமல் காக்க வேண்டும் என்று அது சொன்னது. படிக்கும்போது நல்ல விஷயமாகத்தான் தெரியும். எது காலி நிலம் என்பதற்கு வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றை இணைத்திருந்தார்கள். அந்தப் படத்தில் நொச்சிக்குப்பத்திலிருந்து தெற்கே உள்ள குப்பங்கள் வரை, மீனவர்கள் படகு ஏற்றும் மணல், வலை காய வைக்கும் மணல், மீன் ஏலம் போடும் மணல் எல்லாமே காலி நிலம். இந்தப் பத்தி அப்படியே போனால் அவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வேலி வந்துவிடும். அவர்களுடைய பிழைப்பு அந்த ஒரு வரியில் இருந்தது. அதைப் பற்றிப் பேசத்தான் அவர்களைக் கூப்பிட்டிருந்தோம்.

நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். முன்னால் நின்றவர் பஞ்சாயத்தார் ஏழுமலை, வெள்ளை வேட்டி சட்டை, யாரையும் நேராகப் பார்க்காத மனிதர். அவருக்குப் பின்னால் சாலையோரத்தில் மீன் விற்கும் தேசம்மா, எல்லோரையும் நேராகப் பார்க்கும் மனுஷி. இவர்களைத் தவிர வேளச்சேரிக் குடியிருப்போர் சங்கத்தார் சிலரும், அடையாறிலிருந்து கடற்கரைக்குக் காலை நடை வருகிறவர்களின் சங்கமும் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நடைக்காரர்களுக்கு மரவேலி ரொம்பப் பிடித்திருந்தது. நிழல் கிடைக்கும் அல்லவா.

இந்த இடத்தில் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மாலை விமானம் அவருக்கு. தியாகராய நகரிலிருந்து ஆடி மாதத்தில் மீனம்பாக்கம் போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மேனேஜர் அவரிடம் கைஜாடையில் விளக்கியிருந்தார் போல, மனிதர் வெலவெலத்துப் போயிருந்தார். பேச்சு முடியும்வரை இருக்க முடியாமல் போனாலும் போகும், அதனால் எல்லோருக்கும் இப்போதே பையைக் கொடுத்து ஒரு குரூப் போட்டோ எடுத்துவிடலாமே என்றார். பார்க்க நன்றாக இருக்கும், அறிக்கையின் அட்டையில் போடலாம் என்றார். மேடத்துக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும் அதில் எதுவும் உறுத்தவில்லை.

அப்படித்தான் பேச்சுக்கு முன்பே தாம்பூலம் கொடுக்க ஆரம்பித்தோம்.

நடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். வேளச்சேரிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். மேடம் மேடையிலிருந்து இறங்கி வந்து, குப்பத்தாருக்கான முதல் பையைத் தன் கையாலேயே தேசம்மாவிடம் நீட்டினார், கூடவே குங்குமச் சிமிழையும். தேசம்மா குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டார். பையைத் தொடவில்லை. ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தார். ஏழுமலை இரண்டு கையையும் கூப்பினார், ஓர் அடி பின்னால் வைத்தார், திரும்பினார், நடந்தார். அவர் பின்னாலேயே ஒரு வேன் கூட்டமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விட்டது. வாசல் பொம்மை அவர்களுக்கு ஒவ்வொருவராக வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன சேகர் இது? வெத்தலை பாக்கை வேண்டாம்னுட்டுப் போறா! எங்காத்துக்கு வந்த பொம்மனாட்டி ஒருத்தியும் இப்படிப் பண்ணினதில்லை. நான் என்ன தப்பு பண்ணினேன்?" அவர் குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. காட்டுக் கொள்ளையர்களைப் பார்த்த அம்மாள் ஒரு தேங்காய்ப் பைக்குக் கலங்கி நின்றதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அதிகாரிக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. வந்தார்கள், வணங்கினார்கள், எதுவும் ஆட்சேபிக்காமல் போனார்கள், அப்படித்தானே என்று என்னிடம் கேட்டார். கடலோரப் பிரதிநிதிகள் கலந்துகொண்டனர், எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். சொல்லிக்கொண்டே செல்போனை எடுத்து, தென் மண்டலம் சுபமாக முடிந்தது என்று தன் மேலதிகாரிக்கு வாட்ஸப்பில் அனுப்பியும்விட்டார். கூடவே நடைக்காரர்கள் மஞ்சள் பையோடு சிரிக்கும் போட்டோ.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. வந்தார்கள், உண்மை. ஆட்சேபிக்கவில்லை, உண்மை. அவசரத்தில் இருக்கும் மேலதிகாரி உண்மையையே சொல்லி உங்களைத் தவறாக எழுதவைப்பார், அப்போது நீங்கள் எழுத உட்கார்ந்துவிடக் கூடாது. எதையாவது தேடுவதுபோலப் பாவனை செய்துகொண்டு வெளியே போய்விட வேண்டும். நான் கண்ணாடியை எங்கள் காரில் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

வெளியே தள்ளுபடி விளம்பரப் பலகைக்கு அடியில் அவர்களுடைய வேன், முன்னால் ஓர் ஆட்டோ, பின்னால் இரண்டு ஆட்டோ, நகர வழியில்லாமல் மாட்டிக்கொண்டு நின்றது. என் தொழில் வாழ்க்கையில் தியாகராய நகர் நெரிசலுக்கு நான் நன்றி சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான். ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, ஒரு வார்த்தைகூடப் பேசாம கிளம்பிட்டீங்க?" என்றேன்.

தேசம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாத்த பேசறது? அதான் வெத்தல பாக்கு நீட்டிட்டீங்களே. முடிவு பண்ட்டு கூப்ட்டு, அப்பால எங்களாண்ட கேக்குற மாரி இன்னா சீன் போடறீங்க?"

"ஐயோ, அது சும்மா மரியாதைக்குக் கொடுக்கிறதும்மா."

"உங்க மரியாத உங்களோட. எங்க பஞ்சாயத்துல வெத்தல பாக்கு கை மாறிட்சுன்னா அத்தோட பேச்சு க்ளோஸ். அத்த வாங்கிக்கினு அப்பால எவனாவது வாயத் தொறந்தா ஊரு காறித் துப்பும். நாங்க வாங்கியிருந்தா மணலு போச்சு. வாங்காதங்காட்டி இன்னும் கீது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் யாருக்குத் தெரியாது இது? பெண் பார்த்து, சீர் பேசி, நாள் குறித்து, எல்லாம் முடிந்த பிறகுதானே தட்டு மாற்றுகிறோம். மேடத்தின் வீட்டில் வெற்றிலை பாக்கு, வந்த விருந்தாளியை வழியனுப்பும் மரியாதை. குப்பத்துப் பஞ்சாயத்தில் அது கொடுத்த வாக்கு. மண்டபம் வேறு, சோபா வேறு, பையில் மணமக்கள் வேறு. இந்தச் சம்பந்தம் எப்போது முடிவானது என்று அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு?

"சரி, நீங்க வாங்கலை. வாங்க, இப்ப பேசலாம்" என்றேன்.

ஏழுமலை முதல் முறையாக வாயைத் திறந்தார். "சபையில மத்தவங்க கையில கீதே சார். பாதிப் பேரு வாங்கிட்ட சபையில நாங்க இன்னா பேச?"

"அப்ப என்ன பண்ணணும்?"

"எல்லார் கையில கீறதையும் திருப்பி வாங்கு. அப்பால நாங்க உள்ள வர்றோம்" என்றார் தேசம்மா. ஆட்டோ ஒன்று நகர்ந்தது. வேன் டிரைவர் வண்டியைக் கிளப்பினார். "சீக்கிரம் சொல்லு சார், வழி உட்டுட்டான்."

கொடுத்த தாம்பூலத்தைத் திருப்பி வாங்குவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

மேடம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார். "குடுத்த வெத்தலை பாக்கைத் திருப்பிக் கேக்கறதாவது! அபசகுனம் சேகர். நான் செத்தாலும் பண்ண மாட்டேன்."

மேனேஜரும் ஓடிவந்தார். "சார், என்ன பேசுதிய? எங்க ஊர்ல கல்யாணம் நின்னு போனாத்தான் தாம்பூலத்தைத் திருப்புவாங்க. எம் மண்டபத்துல இதுவரைக்கும் ஒரு கல்யாணம்கூட நின்னதில்ல, பாத்துக்கிடுங்க. வெளிய தெரிஞ்சா ஆவணியில ஒருத்தன் புக் பண்ண வர மாட்டான்."

அதிகாரி கடிகாரத்தைக் காட்டினார். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் கையேட்டில் பதில் தேடாதீர்கள், அதில் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மேடம் என்னை வளர்த்தவர், அவர் மனம் நோகும். அதிகாரி கையில் எங்கள் அடுத்த வேலை இருக்கிறது. ஆனால் வேன் ஜன்னலில் அந்த அம்மாளின் முகம் என் கண்ணிலேயே நின்றது. கல்யாணம் நின்றதாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு மைக்கைப் பிடுங்கினேன்.

"பெரியோர்களே, ஒரு சின்ன அறிவிப்பு. இந்தச் சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. பெண் வீட்டார் வாசலில் நிற்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் நாம் தட்டு மாற்றிவிட்டோம். தயவுசெய்து எல்லோரும் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

சபையில் ஒரே சலசலப்பு. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சமையல்கட்டிலிருந்து பெரிய கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனேன். கோயிலில் உண்டியல் குலுக்குகிறவன்கூட இத்தனை முறைப்பு வாங்கியிருக்க மாட்டான். வேளச்சேரிக்காரர் ஒருவர் தேங்காயை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று பேரம் பேசினார். நடைச் சங்கத்துக்காரர் ஒருவர், வங்கியில் மேலாளராக இருந்தவர், ஏற்கனவே வெற்றிலை போட்டுவிட்டிருந்தார். "இப்ப நான் என்ன சார் பண்றது, துப்பணுமா?" என்றார் சிவந்த வாயோடு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, துப்பிவிடுங்கள் என்றேன். அவர் என்னோடு அதற்குப் பிறகு பேசியதே இல்லை.

தேசம்மா வாசலில் நின்று கூடையைப் பார்த்தார். உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். மைக்கை நான் முதலில் அவரிடம் கொடுத்தேன்.

வானத்துப் படத்தைத் திரையில் போடச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்த எப்ப புடிச்சது?"

பகல் வேளையில் எடுத்திருப்பார்கள் என்றேன்.

"பகல்ல ஆம்பளைங்க கடல்ல கீறாங்க, பொம்பளைங்க மீன் கூடையோட ரோட்ல கீறோம். உங்க வூட்ல எல்லாரும் வேலைக்குப் போயிட்டா, வூடு காலின்னு எழுதிக்கினு வேலி போடுவியா?"

மேடம் அதை அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சோபாவிலிருந்து எழுந்து, திரைக்குப் பக்கத்தில் போய்ப் படத்தைப் பார்த்தார்.

வெற்றிலையைத் துப்பியவர் எழுந்தார். மரம் இருந்தால் புயலுக்குத் தடுப்பு, எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தானே என்றார். "புயல் வர்றப்ப படகை மேட்டு மணலுக்கு இழுக்கணும். அங்க மரத்தை நட்டு வேலி போட்டுட்டா படகை எங்க வைக்கிறது, மரத்து மேலயா?" என்றார் தேசம்மா.

இவ்வளவு நன்றாகப் போனதும், எல்லாம் சரியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஏழுமலை எழுந்து, குப்பத்துக்குப் பின்பக்கம் ரோட்டை ஒட்டிக் கொஞ்சம் சவுக்கு வைத்தால் தேவலை, காற்றில் கூரை போகிறது என்றார். "அது எங்க மீன் காயப்போடற எடம், இன்னா நைனா நீயே எடுத்துக் குடுக்குற?" என்று தேசம்மா அவர்மேல் பாய்ந்தார். அதற்குப் பிறகு வேனில் வந்த எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ ஒருவர் சம்பந்தமே இல்லாமல் நொச்சிக்குப்பத்தில் கார் நிறுத்துகிறவர்களைத் திட்டினார். நடைக்காரர்கள் அதற்குக் கோபப்பட்டார்கள், அவர்களுடைய கார்கள்தானே அவை. மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். கலக்கமெல்லாம் போய்விட்டிருந்தது. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள் அல்லவா.

கடைசியில் பேச்சு இப்படி வந்து நின்றது. மரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கே வைப்பது என்பதைத் தங்களைக் கேட்டுவிட்டு வைக்க வேண்டும், தாங்கள் புழங்கும் மணலைக் காலி என்று எழுதக் கூடாது. பின்பக்கச் சவுக்கு விஷயத்தில் குப்பத்துக்குள்ளேயே முடிவு ஏற்படவில்லை.

அதிகாரி வாசலில் காரில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார். வியர்த்திருந்தார். தான் மேலே அனுப்பிய செய்தியை இனி எப்படித் திரும்பப் பெறுவது என்ற கவலை அவருக்கு. மனிதர் கெட்டவர் அல்ல என்று மறுபடியும் சொல்கிறேன். பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது, சில ஆலோசனைகள் வந்தன என்று எழுதினால் யாருக்கும் பாதகம் இல்லையே என்றார். மேடம் கையெழுத்து போட்டால் போதும், கையோடு எடுத்துப் போய்விடுவேன் என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நீங்களும் சந்திப்பீர்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதற்குள் எதை வேண்டுமானாலும் போட்டுப் புதைத்துவிடலாம். கூட்டத்தில் அறிவிப்பு செய்யும் தைரியம் ஒரு தினுசு, காரில் ஏறப்போகிறவரிடம் தனியாக முடியாது என்று சொல்லும் தைரியம் வேறு தினுசு. எனக்கு இரண்டாவது குறைவு. நான் தயங்கினேன், மேடத்தைப் பார்த்தேன்.

மேடம் பேனாவை வாங்கி, கார் பானெட்டின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினார். கடலோர மக்கள் இந்தப் பத்தியை ஏற்கவில்லை. கீழே காரணங்கள். பின்பக்கச் சவுக்கு பற்றி அவர்களுக்குள் முடிவாகவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். கையெழுத்து போட்டு அதிகாரி கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "குடுத்த தாம்பூலத்தைத் திருப்பி வாங்கின பாவத்தையே பண்ணியாச்சு. இதுக்கு மேல பொய் வேற எழுதணுமாக்கும்?"

கிளம்பும்போது மேனேஜர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏழுமலையிடம் வந்தார். பேச்சுதான் முடிந்துவிட்டதே, இனிமேலாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். தன் மண்டபத்தில் நின்ற கல்யாணத்தை எப்படியாவது நடத்திப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு. ஏழுமலை கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேசித்தான் கீறோம். முடியலையே சார்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். அந்தத் தேங்காய்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தன. வெகுநாள்வரை ஊழியர்கள் எல்லோர் வீட்டிலும் தேங்காய்ச் சட்னிதான்.

அடுத்த வரைவு வந்தபோது நான் ஓய்வு பெற்று வேளச்சேரியில் மழைத்தண்ணீர் எந்தப் படிவரை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் அந்தப் பக்கத்தை மட்டும் செல்போனில் அனுப்பியிருந்தார், ஒரு வார்த்தையும் சேர்க்காமல். கடலோர மக்கள் புழங்கும் மணல்வெளி நீங்கலாக என்றும், அவர்களைக் கேட்ட பின்னரே என்றும் இரண்டு சொற்றொடர்கள் புதிதாக வந்திருந்தன. நான் அதை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இவ்வளவு வருஷத்தில் நான் அனுப்பிய மூட்டை மூட்டையான கருத்துகளில், கண்ணால் பார்க்கும்படி ஒரு வரி மாறியது அதுதான்.

அன்று காலையே கிளம்பி நொச்சிக்குப்பம் போனேன். தேசம்மா சாலையோரத்தில் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். இன்னொரு தபா படி என்றார். படித்தேன்.

"அப்ப முடிஞ்சிட்ச்சா?"

"இல்லம்மா. இதுவும் வரைவுதான். மேல இன்னும் பாப்பாங்க, மாத்தினாலும் மாத்துவாங்க."

"மாத்தினா மறுபடி கூப்டுவாங்களா?"

"கூப்பிடணும்."

"நீ வருவியா?"

"நான் ரிடையர் ஆயிட்டேம்மா."

கை நின்றது. "அப்ப யாரு வருவா?"

"ஆபீஸ்ல புதுசா ஆளுங்க சேர்ந்திருக்காங்க. அவங்க வருவாங்க."

"அவங்க கேப்பாங்களா?"

கேட்பார்கள் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, பட்டென்று வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு மீனைத் திருப்பிப் போட்டார்.

ஒருவரைக் கேட்காமல் அவர் சார்பில் நான் சம்மதம் சொன்னது என் வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான். அது உங்களுக்காகச் சொன்னது. ஆட்சேபம் உள்ளவர்கள் காலையில் நேரே நொச்சிக்குப்பம் போய் தேசம்மாவிடமே சொல்லிக்கொள்ளலாம்.